புளியமரத்துப் பேய்

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் எங்க சேரியில் பொழுது சாய்ந்தால் ஏரிக்கரைப் புளியமரத்தண்டை யாரும் போகமாட்டார்கள். "அங்க பண்ணையாள் ஒருத்தன் தொங்கிக்கினு கீறான்டா" என்பாள் ஆயா. தொங்கினானா, தொங்கவிட்டாங்களா என்று கேட்டால் வெற்றிலையை மென்றுகொண்டு சும்மா இருப்பாள். மூடநம்பிக்கை என்று நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

அகாலச் சாவு செத்தவர்களே பேயாவார்கள் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை ராத்திரி பேய் பிடித்த பெண்கள் தலைவிரித்து ஆடுவார்கள். பேயோட்டுகிறவர் முதலில் கேட்பது: "நீ யாரு, எந்த ஊரு, எப்பிடிச் செத்தே?" ஸ்டேஷனில் எழுதாத சாவுக்கு இங்கேதான் விசாரணை. பதில் வந்ததும் உச்சிமயிரைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணியடித்துவிடுவார்கள். பேசிய வாயும் அதோடு சரி.

இப்படிக் கொலையுண்டவர்களில் சிலர் சாமியானார்கள். ஆரியமாலையைக் கொண்டுபோன காத்தவராயன் கழுவேறினான். வெள்ளையம்மாளுக்காக மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான். ஆனால் கதைப்பாடல்கள் ஒருவனைச் சிவன் பிள்ளை என்றன, இன்னொருவனைக் காசிராஜன் மகன் என்றன. வளர்த்தது மட்டும் நம்ம ஜனமாம்!

எங்க புளியமரத்தானுக்கு அந்த வம்பில்லை. பேயாகவே இருக்கிறான், சேரிக்காரனாகவே இருக்கிறான். அவனை வேலை வாங்கிய பண்ணைக்காரர் எண்பது வயசில் கட்டிலில் செத்தார். அவர் பேயாய் வந்ததாக ஆயா ஒருநாளும் சொன்னதில்லை.