நாலு லட்சம் கட்டினால் அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் அணியில் இடமா?

கொஞ்சம் நீளமான இழை இது. வீட்டில் டென்னிஸ் ஆடும் பிள்ளை இருந்தால் பொறுமையாகக் கடைசி வரை படிங்க. இல்லையென்றாலும் படிக்கலாம், பாதிக்கு மேல் நம்ம ஊர் வரலாறுதான்.

ஏற்காட்டைத் தாண்டி வெள்ளக்கடையில் ஒரு மருத்துவ முகாம். வழக்கம்போல சுகர், பிரஷர், மூட்டுவலி. மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டதால் கூட்டம் குறைந்தது. அப்போது மிளகு வியாபாரம் செய்யும் ஒருவர் மகளோடு வந்தார். (அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன், சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) பொண்ணு பதினொன்றாம் வகுப்பு. சேலத்தில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள். நன்றாக டென்னிஸ் ஆடுகிறாள், வெளியூர்ப் போட்டிகளுக்கும் போய் வருகிறாள்.

அப்பா கேட்டது உடம்பைப் பற்றியே இல்லை.

"டாக்டர், நாலு லட்சம் கட்டுனா அமெரிக்கா காலேஜ் டீம்ல பாப்பாவுக்கு சீட் வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாருங்க. முழு ஸ்காலர்ஷிப்பாம். பாதி இப்பவே, மீதி சீட் கிடைச்ச பிறகு. கட்டலாங்களா?"

மகள் ஒன்றும் பேசவில்லை. நாற்காலியில் நேராக உட்காராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு டென்னிஸ் பைத்தியம் உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியும். அவரிடம் சுருக்கமாகச் சொன்னதை உங்களுக்குக் கொஞ்சம் விரித்துச் சொல்றேன்.

முதலில் ஒரு கேள்வி. 18 வயதில் ஜூனியர் டென்னிஸ் முடிந்துவிடுகிறது. பெரியவர்களோடு மோதி ஜெயிக்கும் அளவுக்கு உடம்பும் ஆட்டமும் தேற பெரும்பாலானவர்களுக்கு 22, 23 ஆகிவிடும். நடுவில் இருக்கும் அந்த நாலைந்து வருஷம் பிள்ளை எங்கே இருப்பது? யார் செலவில்?

தமிழ்நாட்டு டென்னிஸ் வரலாற்றையே இந்த ஒரு கேள்வியை வைத்துப் படித்துவிடலாம்.

பழைய பதில், குடும்பம். ராமநாதன் கிருஷ்ணனுக்கு அப்பா டி.கே. ராமநாதன்தான் பயிற்சியாளர். 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், பிறகு 1960, 1961 என்று அடுத்தடுத்து இரண்டு முறை விம்பிள்டன் அரையிறுதி. அவர் மகன் ரமேஷ் 1979-ல் விம்பிள்டன், பிரெஞ்சு இரண்டிலும் ஜூனியர் பட்டம் வென்று நேராகத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். வீட்டிலேயே மூன்று தலைமுறையின் அறிவு இருந்தது.

அமிர்தராஜ் வீட்டுக் கதையும் அப்படித்தான். விஜய் சின்ன வயதில் அடிக்கடி நோய்வாய்ப்பட்டு மருத்துவமனையில் கிடந்த பிள்ளை. அம்மா மேகி அட்டைப்பெட்டித் தொழில் நடத்திக்கொண்டே மூன்று மகன்களையும் டென்னிஸ் மைதானத்துக்கு இழுத்துப் போனார். 1973-ல் விஜய் விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் இரண்டிலும் காலிறுதி. அந்த அம்மாவைப் பற்றித் தனியாகவே ஓர் இழை எழுதணும்.

ஆனால் எல்லா வீட்டிலும் ஒரு டி.கே. ராமநாதனோ ஒரு மேகியோ இருக்க மாட்டார்கள், இல்லையா? கோயம்புத்தூரின் நிருபமா வைத்தியநாதனுக்கும் அப்பாதான் பயிற்சியாளர். 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றில் ஜெயித்து, ஓப்பன் யுகத்தில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அதற்காக ஊரை விட்டு, ஐரோப்பாவில் தங்கி, செலவை எண்ணி எண்ணி ஆட வேண்டியிருந்தது. அந்த மனவலிமை அபூர்வம். அதையே வழியாக வைத்து மற்ற பிள்ளைகளை அனுப்ப முடியாது.

இனி அமெரிக்கா.

அங்கே கல்லூரி டென்னிஸ் நம்ம ஊர் இன்டர்-காலேஜ் மாதிரி இரண்டு நாள் விஷயம் இல்லை. கல்லூரிகளுக்கிடையிலான ஒற்றையர் போட்டி 1883-லேயே தொடங்கிவிட்டது. அணிக்கு முழுநேரப் பயிற்சியாளர், பிசியோ, மருத்துவர், உடற்பயிற்சிக் கூடம், பயணச் செலவு எல்லாம் உண்டு. அங்கே ஆடியவர்கள்தான் ஆர்தர் ஆஷும் (யுசிஎல்ஏ, 1965 சாம்பியன்) ஜான் மெக்கன்ரோவும் (ஸ்டான்ஃபோர்டு, 1978 சாம்பியன்).

நம்மவர்களில் இந்தக் கதவை எல்லாரும் பார்க்கும்படி திறந்தவர் சென்னையில் பிறந்து மஸ்கட்டில் வளர்ந்த மகேஷ் பூபதி. மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் பில்லி சாட்விக்கின் அணிக்கு ஆடினார். 1995-ல் லெபனான்காரரான அலி ஹமாதேயோடு சேர்ந்து கல்லூரி இரட்டையர் பட்டம். இரண்டே வருஷத்தில், 1997 பிரெஞ்சு ஓப்பன் கலப்பு இரட்டையரில் வென்று, கிராண்ட்ஸ்லாம் பட்டம் பெற்ற முதல் இந்தியர். லியாண்டர் பயஸ் சென்னையில் அமிர்தராஜ் குடும்பம் நடத்திய பிரிட்டானியா அகாடமியில் வளர்ந்து கல்லூரிக்குப் போகாமலே தொழில்முறைக்கு வந்தவர். இரண்டு வேறு பாதைகள், 1999-ல் இருவரும் சேர்ந்து நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிகளிலும் ஆடினார்கள்.

என் மனசுக்கு நெருக்கமான கதை சோம்தேவ் தேவ்வர்மன். அசாமில் பிறந்து சென்னையில் ஆட்டம் கற்றவர். பெரிய சர்வ் கிடையாது. ஆனால் ஓடுவார், ஓடிக்கொண்டே இருப்பார். அப்படிப்பட்ட ஓர் ஆட்டக்காரரை 18 வயதில் நேராகத் தொழில்முறைக்குத் தள்ளியிருந்தால், சின்னச் சின்ன ஊர்ப் போட்டிகளில் பஸ் ஏறி இறங்கியே தேய்ந்திருப்பார் என்பது என் கணிப்பு. அவர் வர்ஜீனியா பல்கலைக்கழகம் போனார். பயிற்சியாளர் பிரையன் போலண்ட். படிப்பு சமூகவியல்.

2006-ல் கல்லூரி ஒற்றையர் இறுதி. தோல்வி.

2007-ல் மறுபடியும் இறுதி. எதிரே ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஜான் இஸ்னர், கிட்டத்தட்ட ஏழடி உயரம். 2010 விம்பிள்டனில் மூன்று நாள் நீண்ட அந்த 11 மணி நேர ஆட்டம் ஞாபகம் இருக்கா? அதே இஸ்னர். ஆட்டம் நடந்ததும் இஸ்னரின் சொந்த வளாகத்தில், அவர் கூட்டத்தின் முன்னால். கடைசி செட் டைபிரேக்கரில் சோம்தேவ் ஜெயித்தார்.

2008-ல் திரும்பவும் சாம்பியன். அந்த சீசனில் ஒற்றையரில் 44 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. பட்டத்தையும் வாங்கிக்கொண்டு தொழில்முறைக்கு வந்தார். 2009 ஜனவரியில் வைல்டு கார்டில் நுழைந்து நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பன் இறுதி வரை போனார். 2010-ல் காமன்வெல்த் தங்கம், குவாங்சோ ஆசியப் போட்டியில் ஒற்றையரிலும் இரட்டையரிலும் தங்கம். இரட்டையரில் கூட ஆடிய சனம் சிங்கும் அதே வர்ஜீனியா அணியில் ஆடியவர்தான்.

ஒரு டாக்டராக எனக்குப் பிடித்த சம்பவம் அதே 2010-ல், பிரேசிலுக்கு எதிரான டேவிஸ் கோப்பை. முதல் நாள் இந்தியா 0-2. மூன்றாம் நாள் நுங்கம்பாக்கத்து வெயிலில் பிரேசிலின் பெலூச்சியால் முடியவில்லை, பாதியில் கைவிட்டார். எதிரே நின்றவர் சோம்தேவ். இந்தியா 3-2 என்று ஜெயித்தது. சென்னை வெயில் பழக்கமும் நாலு வருஷம் முறையாகக் கட்டிய உடம்பும் ஒன்றாகச் சேர்ந்த நாள் அது.

"அதெல்லாம் பழசு"ன்னு சொல்லாதீங்க. 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் டேவிஸ் கோப்பை. முதன்முறை இந்தியாவுக்கு ஆடிய மதுரைக்காரர் தக்ஷிணேஸ்வர் சுரேஷ், தரவரிசையில் தன்னைவிட நூற்றுக்கணக்கான இடம் மேலே இருந்த ஜெரோம் கிம்மை நேர் செட்களில் தோற்கடித்தார். இந்தியா 3-1. ஐரோப்பிய மண்ணில் ஓர் ஐரோப்பிய அணியை நாம் ஜெயித்தது 1993-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. 1993-ல் பிரான்சை ஃப்ரேஷுவில் ஜெயித்த அணியில் ரமேஷ் கிருஷ்ணன் இருந்தார். தக்ஷிணேஸ்வர் எங்கிருந்து வந்தார்? அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணியிலிருந்து.

அதாவது அந்த நாலு வருஷத்தைத் தாங்கிப் பிடிக்கும் வேலையை இங்கே குடும்பங்கள் செய்தன. குடும்பத்தால் முடியாதபோது பல ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் பல்கலைக்கழகங்கள் செய்தன. இதில் எனக்கு வருத்தம்தான். சென்னை ஓப்பனையே 2018-ல் புனேவுக்கு விட்டுக்கொடுத்த ஊர் நாம்.

சரி, மிளகு வியாபாரியின் கேள்விக்கு வருவோம்.

ஸ்காலர்ஷிப் உண்மையா? உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்க. முதல் பிரிவுக் கல்லூரிகளில் ஆண்கள் டென்னிஸ் அணி ஒன்றுக்குப் பல வருஷமாக மொத்தமே நாலரை ஸ்காலர்ஷிப்தான். எட்டு, பத்துப் பையன்கள் அதைப் பங்கு போட்டுக்கொள்ளணும். பெண்கள் அணிக்கு எட்டு, அதுவும் முழுசாக. ஏன் இந்த வித்தியாசம்? 1972-ல் வந்த டைட்டில் நைன் என்ற சட்டம். அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனம் பெண்களுக்குப் பாரபட்சம் காட்டக் கூடாது. அமெரிக்கக் கால்பந்து ஒன்றே ஆண்களுக்கு 85 ஸ்காலர்ஷிப்பை விழுங்கிவிடுவதால், மற்ற ஆட்டங்களில் பெண்களுக்குக் கூடுதலாகக் கொடுத்துச் சமன் செய்தார்கள். வெள்ளக்கடைப் பொண்ணுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றால் அதன் வேர் அரை நூற்றாண்டுக்கு முந்தைய அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

2025 ஜூலையிலிருந்து இந்த முறை மாறிவிட்டது. புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லை, ஆனால் அணியில் பத்துப் பேருக்கு மேல் கூடாது. பத்துப் பேருக்கும் கொடுக்கலாம், கொடுத்தே ஆகணும் என்று இல்லை. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிலும் ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. "ஹார்வர்டில் டென்னிஸ் ஸ்காலர்ஷிப்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துடுங்க.

ஏஜென்ட்? எல்லாரும் மோசடி இல்லை. மின்னஞ்சல் எழுதவும் வீடியோ எடுக்கவும் உதவி செய்து, அந்த வேலைக்குக் கூலி வாங்குபவர்கள் உண்டு. ஆனால் "சீட் கிடைத்தால் இவ்வளவு" என்று பேசும் ஒப்பந்தம் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவின் விதிக்கே எதிரானது. பிள்ளையின் ஆடும் தகுதியே போய்விடலாம். அந்த அப்பாவிடம் பேசப்பட்டது அச்சு அசல் அதுதான். பாதி இப்போது, மீதி சீட் கிடைத்த பிறகு.

இடத்தை யாரும் விற்க முடியாது. அதைத் தருபவர் அணியின் பயிற்சியாளர். அவர் பார்ப்பது யூடிஆர் எனும் ஆட்டத்தர எண், போட்டி முடிவுகள், முழு ஆட்டத்தின் வீடியோ, 9 முதல் 12 வரையிலான மதிப்பெண்கள். அவருக்கு எழுத காசு வேண்டாம். பத்தாம் வகுப்பு முடிந்த ஆண்டின் ஜூன் 15-க்குப் பிறகு அவர் பிள்ளைக்கு நேரடியாகப் பதில் எழுதலாம். அதற்கு முன் பதில் வரவில்லை என்றால் பிள்ளை மோசம் என்று அர்த்தமில்லை, அவர் கை கட்டப்பட்டிருக்கிறது.

இன்னொன்று. நம்ம வீடுகளில் நீட் ரிப்பீட் மாதிரி "ஒரு வருஷம் வீட்டிலிருந்து நல்லா ஆடிட்டு அப்புறம் போகலாம்" என்பார்கள். டென்னிஸில் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டு, போட்டிகளும் ஆடிக்கொண்டிருந்தால், கல்லூரியில் ஆடும் வருஷம் கழிக்கப்படும் என்பது பல காலமாக இருக்கும் விதி. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தந்த வருஷத்து விதியை என்சிஏஏ தளத்திலேயே பாருங்க.

இத்தனையும் அப்பாவிடம் பேசி முடித்த பிறகுதான் மகளைப் பார்த்து, "முதுகு எத்தனை நாளா வலிக்குது?" என்று கேட்டேன்.

அப்பா திடுக்கிட்டார். அவருக்குத் தெரியாது.

"அஞ்சு வாரம் சார்" என்றாள். சர்வ் போடும்போது பின்னால் வளைந்தால் இடது பக்கம் இடுப்புக்கு மேலே குத்துகிறதாம். ஏஜென்ட் வீடியோ எடுக்கத் தேதி கொடுத்திருப்பதால் மாத்திரை போட்டுக்கொண்டு தினமும் இருநூறு சர்வ்.

வளரும் வயதில் டென்னிஸ், கிரிக்கெட் வேகப்பந்து ஆடும் பிள்ளைக்கு இப்படி வலித்தால் அதைத் தசைப்பிடிப்பு என்று தள்ளாதீங்க. கீழ் முதுகெலும்பின் பின்பக்கத்தில் ஒரு மெல்லிய பாலம் உண்டு. வளைந்து திரும்பி வளைந்து திரும்பி அதில் கீறல் விழும். ஆரம்பத்தில் பிடித்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் கூடிவிடும். மாத்திரை போட்டு மறைத்து ஆடினால் முழுசாக உடையலாம். எலும்பின் தேய்வு எவ்வளவு காலத்தைத் தின்னும் என்பதற்கு நம்ம சென்னை பிரஜ்னேஷ் குன்னேஸ்வரனே சாட்சி. முழங்கால் காயம் அவருடைய இளமையில் சில வருஷங்களை அப்படியே எடுத்துக்கொண்டது. உலகத் தரவரிசையில் 75-ஐத் தொட்டபோது அவருக்கு 29 வயது.

சேலத்தில் எம்ஆர்ஐ எடுக்க எழுதிக் கொடுத்தேன். அப்பா சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அந்த நாலு லட்சத்துல இதுக்கு எவ்வளவுங்க ஆகும்?" என்று மட்டும் கேட்டார்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. எலும்பில் அழுத்த மாற்றம் தெரிகிறது, கீறல் இன்னும் ஊடுருவவில்லை. மூன்று மாதம் ராக்கெட்டைத் தொடக் கூடாது. ஏஜென்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

போன வாரம் பொண்ணே பேசினாள். தானே உட்கார்ந்து பதினோரு பயிற்சியாளர்களுக்கு எழுதியிருக்கிறாள். முதுகு விஷயத்தையும் மறைக்காமல் எழுதினாளாம். இரண்டு பதில் வந்திருக்கிறது. ஒருவர், இப்போதைக்கு இடமில்லை என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டையும், மறுபடி ஆடத் தொடங்கும் தேதியையும் கேட்டிருக்கிறார்.

"அனுப்பலாமா சார்?" என்றாள்.

அனுப்பும்மா என்றேன்.