அவித்த அவரைக்கு முந்தைய பெங்களூரு

கோயிற்பயணம் திட்டமிடும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வழித்தடம். ஒக்கலிபுரத்திலிருந்து காலையிலேயே புறப்பட்டு, நண்பகல் நடை சாத்துமுன் பேகூர் நாகேசுவரர் கோயிலை அடைக. ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்த அங்குள்ள கன்னட நடுகல் 'பெங்களூர்ப் போரை'க் குறிப்பிடுகிறது. போசள மன்னன் வீரவல்லாளனுக்கு ஒரு மூதாட்டி அவித்த அவரை அளித்ததால் 'பெந்தகாளூரு' பிறந்தது என்னும் கதை இக்கல்லின்முன் நில்லாது. அவன் ஆண்டது 12ஆம் நூற்றாண்டின் இறுதியில்.

திரும்பும் வழியில் மடிவாளா சோமேசுவரர் கோயில். அதன் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு 'வெங்களூர்'ப் பெரிய ஏரியைச் சுட்டுகிறது. தமிழின் சொல்முதல் வகரம் கன்னடத்தில் பகரமாக ஒலிக்கும்: வாய்–பாயி, வேர்–பேரு. வெங்களூர்–பெங்களூர் இணையும் அவ்வகையினதே. மாலையில் தொம்மலூர் சொக்கநாதர் கோயில். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளில் அவ்வூர் தொம்பலூர், தேசிமாணிக்கப்பட்டணம் எனப் பெயர் பெறுகிறது.

இந்நகர் எம்மொழியாருக்கு உரியது என்று இன்றும் பூசல் எழுகிறது. கெம்பே கவுடர் 1537இல் கோட்டை எழுப்புமுன்பே இவ்வட்டாரம் இரு மொழிகளிலும் தன்னைப் பதிவு செய்திருந்தது. எழுத்துகளின்மீது மாவோ சுண்ணமோ தடவாமல், சாய்வொளியில் படித்து வருக.