உதடும் உள்ளமும்



நான் பள்ளியிற் பயின்ற காலத்தில் நாள்தோறும் காலையில் இறைவணக்கம் நடைபெறும். எல்லாரோடும் கூடி நானும் பாடுவேன். தேர்வு நாள்களில் வாய் பாட்டைப் பாடும். மனமோ கணக்கு வாய்பாட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும். நான் அன்று செய்தது வழிபாடுதானா என்னும் ஐயம் பின்னாளில் என்னுள் எழுந்தது. வரலாறு பயிலத் தொடங்கியபின், அத்தகைய ஐயத்தோடு நெடுங்காலம் போராடிய ஒருவரைக் கண்டேன். அவரே பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் வெஸ்லி.

வெஸ்லி 1703-ஆம் ஆண்டில், எப்வொர்த் என்னும் ஊரில், ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்று தாமும் குருப்பட்டம் பெற்றார். அங்கே தம் தம்பி சார்லஸ் முதலியோருடன் சேர்ந்து, குறித்த வேளையில் செபம், குறித்த நாளில் நோன்பு, சிறையிலுள்ளோரைச் சென்று காணுதல் என ஒழுங்கு தவறாது வாழ்ந்தார். அதனைக் கண்டு நகைத்தோர் அவர்களுக்கு ‘மெத்தடிஸ்டுகள்’, அதாவது முறைமைக்காரர், என்று பட்டம் சூட்டினர். முறைமையிற் குறையில்லை, எனினும் வெஸ்லியின் நெஞ்சில் நிறைவில்லை.

1735-இல் அவர் அமெரிக்காவிலிருந்த ஜார்ஜியாக் குடியேற்றத்துக்குக் கப்பலேறினார். ஜெர்மன் மொழி பேசும் மொரேவியக் கிறிஸ்தவர் சிலரும் அக்கப்பலிற் சென்றனர். 1736 ஜனவரி 25-ஆம் நாள், அவர்கள் சங்கீதம் பாடி வழிபாட்டைத் தொடங்கிய வேளையில், பேரலை ஒன்று கப்பலை மூடியது. பெரும்பாய் கிழிந்தது, தளங்களுக்கிடையே கடல்நீர் பாய்ந்தது. ஆங்கிலேயர் அலறினர். மொரேவியரோ பாட்டை நிறுத்தவில்லை. அச்சமில்லையா என்று வெஸ்லி பின்னர் வினவியபோது, தங்கள் பெண்டிரும் பிள்ளைகளுங்கூடச் சாவுக்கு அஞ்சுவதில்லை என்று விடை வந்தது. தமக்கு அவ்வச்சம் இருந்ததை வெஸ்லி தம் நாட்குறிப்பில் மறைக்கவில்லை.

1738-இல் நாடு திரும்பினார். அவ்வாண்டு மே 24-ஆம் நாள் மாலை, இலண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த சிறு கூட்டமொன்றில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் படிக்கக் கேட்டார். அப்போது தம் நெஞ்சில் வியத்தகு வெம்மை பரவக் கண்டார். வரலாறு கூறுவோர் பலர் இவ்விடத்தை நெடிது போற்றுவர். ஆனால், எட்டுத் திங்கள் நிறையுமுன், 1739 ஜனவரியில், தாம் இன்னும் கிறிஸ்தவன் அல்லன் என்று அவரே எழுதினார்! வந்த உணர்ச்சி நிலைத்து நில்லாது என்பதை அவர் தம்மிடமே கண்டார்.

அவ்வாண்டு ஏப்ரலில் பிரிஸ்டல் நகரில் திறந்தவெளியிற் பேசத் தொடங்கினார். கேட்டோருள் சிலர் கதறினர். சிலர் தரையில் வீழ்ந்தனர். இது வெறும் வெறி என்று கற்றோர் பலர் இகழ்ந்தனர். வெஸ்லி அக்கண்ணீரைச் சான்றாகக் காட்டவில்லை. குடியன் குடியை விட்டானா, கொடியவன் நல்லவனானானா என்று அவர்தம் வாழ்க்கையைப் பார்க்கச் சொன்னார்.

1761-இல் பாடுவோர்க்கெனச் சில விதிகளையும் வெளியிட்டார். அரைத்தூக்கத்தில் முணுமுணுக்காமல் முழுக்குரலிற் பாடவேண்டும். ஆயினும் பிறர் குரலை அடக்குமாறு கூவலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு சொல்லிலும் கருத்து இறைவன்மேல் இருத்தல் வேண்டும். உணர்ச்சியற்ற முறைமையையும் தன்னைக் காட்டும் உணர்ச்சியையும் அவர் ஒருங்கே விலக்கியதை இவ்விதிகளிற் காண்கிறோம்.

1791 பிப்ரவரி 24-ஆம் நாள், தளர்ந்த முதுமையில், அவர் வில்பர்போர்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அடிமை வாணிகத்தை ஒழிக்கும் பணியிற் சோர்ந்துவிடலாகாது என்பதே அதன் சாரம். மார்ச் 2-ஆம் நாள், 87-ஆம் வயதில் உயிர்நீத்தார். அவ்வாணிகத்தைத் தடை செய்யும் சட்டம் பிரிட்டனில் 1807-இல் நிறைவேறியது.

இப்போதும் என் மனம் வழிபாட்டில் அலைவதுண்டு. அதற்காக நான் முன்போல் மனமுடைவதில்லை. உள்ளம் உருகிற்றா என்று மட்டும் கேட்பதை விடுத்து, கூடம் விட்டு வெளியே வந்தபின் யாரிடம் எவ்வாறு நடந்துகொண்டேன் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இவ்வினாவை எனக்குக் கற்பித்தவர் வெஸ்லி. நாளைக் காலை உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் வணக்கப்பாடல் முடிந்து வகுப்புக்குச் செல்லும்போது, நீங்களும் இதனை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.