வன்னிக்கு வந்த மின்சாரம்

கிளிநொச்சி மாவட்டத்தில், அக்கராயன்குளத்தை அடுத்துள்ள ஸ்கந்தபுரம் வயலும் தோட்டமும் சூழ்ந்த ஊர். அங்கே ஒரு மின்விளக்கு எரிவதன் பின்னால் நெடிய வரலாறு உண்டு.

மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாமெனப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் எடுத்துரைத்தார். லக்ஸபான நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950 இலேதான். பின்னர் உயர் அழுத்தக் கம்பிகள் வவுனியாவையும் கிளிநொச்சியையும் கடந்து வடக்கே சென்றன. போர் அவற்றை அறுத்தது, உபமின்நிலையமும் அழிந்தது. ஜப்பானியக் கடனுதவியுடன் 1,32,000 வோல்ற்று மின்வழி வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு மீண்டும் வந்து சேர்ந்தது 2012 இல்.

அறுந்த கம்பியைக் கட்டினால் மின்சாரம் வந்துவிடாதோ எனக் கேட்கலாம். வந்துவிடும், ஆனால் அதை நிறுத்த முடியாது. மின்சாரத்தை அனுப்புவதினும் வேண்டிய கணத்தில் துண்டிப்பதே அரிய வேலை. உயர் அழுத்தத்தில் இரு முனைகளைப் பிரித்தாலும் இடையே தீப்பொறி வில்லாய் நீண்டு மின்னோட்டத்தைத் தொடரச் செய்யும். முற்காலத்துச் சுற்றுடைப்பான்கள் அவ்வில்லை எண்ணெய்க்குள் அணைத்தன. பிற்காலத்தவை கந்தக அறுபுளோரைட்டு வாயுவிலோ வெற்றிடத்திலோ அணைக்கின்றன. பழைய கணக்கும் உதவாது. நாட்டின் மின்வலையிற் புதிய மின்னாக்க நிலையங்கள் சேரச்சேர, பழுது நேரும்போது பாயும் மின்னோட்டமும் பெருகும். அதனைத் தாங்காத சுற்றுடைப்பான் வெடித்துச் சிதறவுங்கூடும்.

ஸ்கந்தபுரத்துக் கம்பியில் ஒரு மரக்கிளை விழுகிறது எனக் கொள்வோம். அவ்வூருக்கு அண்மையிலுள்ள சுற்றுடைப்பானே முதலில் திறக்கவேண்டும். மேலேயுள்ளது சற்றே பொறுத்திருக்க வேண்டும். இன்றேல் மாவட்டம் முழுவதும் இருளும். இப்பொறுமையை அளந்து வைப்பது ரிலே என்னும் காவற் கருவி. சுழல்தட்டு ரிலேக்களின் காலத்தில் ஏறத்தாழ 0.4 விநாடி இடைவெளி விட்டனர். இன்றைய எண்முறை ரிலேக்களுக்கு 0.3 விநாடி போதும்.

இத்தனைக்கும் உயிர்நாடி, நிலையத்தின் ஓர் அறையில் அடுக்கிவைத்த மின்கல வரிசை. வெளியே அழுத்தம் வீழ்ந்தாலும் சுற்றுடைப்பானைத் திறக்கும் வலு அதிலிருந்தே கிடைக்கும். புதிய கருவிகளைப் பூட்டும் பொறியியலாளர் அந்தப் பழைய மின்கலங்களையும் அளந்து பார்க்காமல் விடுவதில்லை.