பருத்தித்துறையும் ஒரு சட்டையும்



யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமுனையிலே அமைந்துள்ள துறைமுகப் பட்டினத்திற்கு இரண்டு பெயர்கள் உண்டு. கடல் வழியாக வந்த போர்த்துக்கேயர் அதன் கரையிலிருந்த கற்களைக் கண்டு, 'கற்களின் முனை' என்று பொருள்படத் தம் மொழியிற் பெயரிட்டனர். அதுவே திரிந்து இன்று ஆங்கிலத்தில் 'பொயின்ற் பீட்றோ' என வழங்குகின்றது. ஆனால் அவ்வூரில் வாழ்ந்த மக்கள் கல்லைக் கொண்டு தம் ஊரை அறியவில்லை. பருத்தியைக் கொண்டே அறிந்தனர். பருத்தித்துறை என்ற பெயர் ஒன்றே, பருத்திக்கும் இக்கரைக்கும் இருந்த பழைய உறவுக்குச் சான்றாக நிற்கின்றது.

அந்த உறவைப்பற்றி இன்று பேச வந்தமைக்கு ஒரு சிறு நிகழ்ச்சியே காரணம். சில ஆண்டுகளுக்கு முன், எமது பாடசாலையிற் கற்று வெளியேறிய மாணவன் ஒருவனுக்கு அரசாங்க எழுதுநர் வேலை கிடைத்தது. அவனுடைய தாயார் புடைவைக்கடையிலிருந்து இரண்டு வெள்ளைச் சட்டைகளைப் பார்வைக்கென்று வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கூலி வேலை செய்து மகனைப் படிப்பித்தவர் அவர். "சேர், ரெண்டுக்கும் விலை கொஞ்சந்தான் வித்தியாசம். இதிலை எது கனகாலம் உழைக்கும்?" என்று கேட்டார். யான் இரண்டையும் பார்த்தேன். பளபளப்பாகவும் விறைப்பாகவும் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். மூன்று மாதங்கள் கழிந்தபின் அம்மாணவனைக் கண்டபோது கொலர் நைந்து, துணி சல்லடை போலாகியிருந்தது. அவர்கள் என்னைக் குறை கூறவில்லை. ஆயினும் முப்பது ஆண்டுகளாக ஒல்லாந்தர் காலத்துச் சாயவேர் வாணிகத்தை வகுப்பிலே போதித்த எனக்கு, ஒரு முழத் துணியைத் தொட்டுத் தரம் கூறத் தெரியவில்லையே என்ற நாணம் நெடுநாள் நீங்கவில்லை.

நம் முன்னோர்க்கு அந்த அறிவு இருந்தது. பருத்தி நூற்ற பெண்களைச் சங்கச் செய்யுள்கள் குறிப்பிடுகின்றன. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945 ஆம் ஆண்டு அகழ்வாராய்ச்சி நடத்திய மோட்டிமர் வீலர், அங்கு வெளிப்பட்ட செங்கல் தொட்டிகள் துணிக்குச் சாயம் தோய்ப்பதற்குப் பயன்பட்டவையாதல் வேண்டும் எனக் கருதினார். அந்தக் கரைக்கும் நமது கரைக்கும் இடையில் இருப்பது பாக்கு நீரிணை ஒன்றேயாம். அதனைக் கடந்து தோணிகள் வருவதும் போவதும் அன்றாட நிகழ்ச்சியாக இருந்த காலத்தில், பருத்தியும் புடைவையும் நெல்லோடும் புகையிலையோடும் ஒன்றாகவே பயணஞ் செய்தன.

1658 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். அவர்கள் முதலிற் கணக்கெடுத்த செல்வங்களுள் ஒன்று, மணற்பாங்கான நிலத்திலே காட்டுச்செடியாய் முளைக்கும் சாயவேர். இம்பூறல் என்றும் அதனைக் கூறுவர். குடாநாட்டைச் சூழ்ந்த தீவுகளிலும் மன்னாரிலும் கிண்டியெடுத்த வேர், சோழமண்டலக் கரையிற் பயிரிட்ட வேரைக்காட்டிலும் உயர்ந்ததென மதிக்கப்பட்டது. ஒல்லாந்தக் கொம்பனி அதனைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்டது. 1697 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் தளபதி ஹெண்ட்ரிக் சுவார்டகுரூன் தம் ஆலோசனைச் சபைக்கு எழுதிவைத்த குறிப்புரையிலும் சாயவேர் இடம்பெறுகின்றது. தஞ்சைக் கரையிலிருந்து நெசவாளரையும் சாயக்காரரையும் கொணர்ந்து குடியேற்றி, இங்கேயே துணி நெய்து சாயமிடும் முயற்சியிலும் கொம்பனி ஈடுபட்டது.

இந்தச் செல்வத்திற்குப் பின்னால் இருந்த வியர்வையையும் நாம் மறத்தலாகாது. வேர் கிண்டும் வேலை ஒரு வகுப்பார்மீது பரம்பரைக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. வெயிலிலே குனிந்து, மணலைக் கிளறி, நூல் போன்ற வேர்களை அறாமற் பிடுங்கியெடுத்து, கொம்பனி குறித்த விலைக்கே அவர்கள் கொடுக்கவேண்டியிருந்தது. ஐரோப்பியச் சீமாட்டிகள் போற்றிய சிவப்பு, அந்த ஏழைகளின் விரல்களிலிருந்து பிறந்த சிவப்பாகும்.

அந்தச் சிவப்பு ஏன் வெளுக்கவில்லை? சாயக்காரர் துணியைக் கடுக்காய் நீரிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்துவர், படிகாரம் ஏற்றுவர், அதன்பின்னரே சாயவேரோடு கொதிக்கவைப்பர். வேரிலுள்ள அலிசரின் என்னும் பொருள், படிகாரத்திலுள்ள அலுமினியத்தோடும் நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடும் கூடி, இழையைப் பற்றிக்கொள்ளுகின்றது. சுண்ணக்கல் நிலமாகிய யாழ்ப்பாணத்தின் கிணற்று நீர் சவர்க்காரத்தை நுரைக்கவிடாமல் நம்மை வருத்துகின்றதல்லவா? அத்தகைய நீரே இந்தச் சாயத்திற்குத் துணைசெய்யும் நீராகும். இத்தனை படிகளைக் கடந்த நிறம் துவைக்குந்தோறும் துலங்கியதேயன்றி, ஒழுகிப்போகவில்லை.

துணியின் தரத்தை அக்காலத்து வணிகர் வாய்ச்சொல்லால் நிர்ணயித்தாரல்லர். சோழமண்டலக் கரையிலே 'புஞ்சம்' என்று ஓர் அளவு வழங்கியது. நூற்றிருபது பாவு நூல்கள் ஒரு புஞ்சம். குறித்த அகலத்திலே புஞ்சம் எத்தனை என்று எண்ணினால் நெசவின் நெருக்கம் தெரிந்துவிடும். முன்னரே கொடுத்த மாதிரித் துணியோடு ஒப்பிட்டு, முதற்றரம், இரண்டாந்தரம் என்று பிரித்து, ஒவ்வாததைத் திருப்பிவிடுவது கொம்பனியின் வழக்கம். அந்தக் கண்டிப்பினால் நெசவாளர் பட்ட துன்பம் பெரிது. ஆயினும் ஓர் உண்மை இங்கே விளங்குகின்றது: வாங்குபவன் எண்ணத் தெரிந்தவனாக இருக்கும்வரை, நெய்பவன் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. இங்கிலாந்தின் இயந்திரத் தறிகளிலே நெய்த மலிவான துணி நம் சந்தைகளில் வந்து குவிந்தது. 1868 இல் யேர்மனியைச் சேர்ந்த கார்ல் கிரேபே, கார்ல் லீபர்மன் என்னும் இரசாயன அறிஞர் இருவர் அலிசரினைச் செயற்கையாக ஆக்கும் வழியைக் கண்டனர். ஆலையிலே அச்சாயம் மலிவாகக் கிடைத்தபின் மணலைக் கிண்டுவார் யார்? வேர் மண்ணிலேயே கிடந்தது. வேர் கிண்டுவோர் அந்தக் கொடிய கடமையிலிருந்து நீங்கியது நன்மையே. ஆனால் அதனோடு, நிறத்தை அறியும் கண்ணும் நூலை அறியும் விரலும் நம்மைவிட்டு நீங்கத் தொடங்கின.

துணியைப்பற்றி யாழ்ப்பாணம் மீண்டும் சிந்தித்த காலம் ஒன்று வந்தது. ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் முன்னின்று நடத்திய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் 1924 இல் தோன்றியது. அதன் அழைப்பை ஏற்று, கதர் நிதி திரட்டும் பொருட்டு இலங்கைக்கு வந்த மகாத்மா காந்தி, 1927 நவம்பர் இறுதியில் யாழ்ப்பாணத்திலே தங்கிப் பல கூட்டங்களிற் பேசினார். மேனாட்டு உடையே கல்விக்கு அடையாளம் என்றிருந்த இளைஞர் சிலர், வேட்டியும் கதர்ச் சட்டையும் அணிந்து வெளியே வந்தனர். 'இது எங்கே நெய்யப்பட்டது? யார் நெய்தார்?' என்று துணியைக் கையிலெடுத்துக் கேட்கும் பழக்கத்தை அவர்கள் புதுப்பித்தனர்.

சுதந்திரத்தின்பின், இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், நாடெங்கும் கைத்தறிகள் பெருகின. 1977 இன் இறுதியில் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டபோது அத்தறிகளுட் பல ஓய்ந்தன. அதற்கு முன்னரே டெரிலின் சட்டை வந்து, மடிப்புக் குலையாத அழகினால் எல்லோரையும் மயக்கியிருந்தது. நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் பருத்தியே ஏற்றது என்று பலரும் இன்று மீண்டும் உணர்கின்றனர். ஆனால் கடையிலே நின்று நல்ல பருத்தியைத் தெரிந்தெடுக்கும் அறிவை எங்கே பெறுவது?

எனது பிழைக்குப்பின், நெசவறிந்த முதியோரிடமும் தையற்காரரிடமும் கேட்டு யான் அறிந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுகின்றேன்.

முதலாவது நூல். நீண்ட இழையுள்ள பருத்தியிலிருந்து நூற்ற நூல் வலியது. எளிதிற் பிசிர் எழாது. நூலின் நொய்மையை 'நம்பர்' என்று கூறுவர். ஓர் இறாத்தல் நூலில் 840 யார் கொண்ட சிட்டங்கள் எத்தனை உள்ளனவோ, அதுவே அதன் நம்பர். நாற்பதாம் நம்பர் நூல் ஓர் இறாத்தலை நீட்டினால் பத்தொன்பது மைல் செல்லும். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து புறப்பட்டு ஏறக்குறையப் பருத்தித்துறையை எட்டிவிடும். நம்பர் கூடினால் துணி மென்மையாகும். ஆனால் மென்மை வேறு, உழைப்பு வேறு. நாளாந்தம் அணிவதற்கு நடுத்தரமான நம்பரே போதும். இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கிய நூலாயின் இன்னும் சிறப்பு.

இரண்டாவது நெசவு. துணியை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பாருங்கள். பாவும் ஊடையும் ஒரு சீராய், நெருக்கமாய்த் தோன்றவேண்டும். ஓரிடம் அடர்ந்தும் ஓரிடம் ஐதாயும் இருந்தால் அதனை விடுங்கள். பின்னர் துணியின் மூலையை இரு கைகளாலும் கசக்குங்கள். வெண்பொடி உதிர்ந்தால், நீங்கள் விலை கொடுப்பது நூலுக்கன்று, கஞ்சிக்கு. யான் ஏமாந்தது இங்கேதான். அந்த விறைப்பும் பளபளப்பும் முதற் சலவையோடு போய்விட்டன.

மூன்றாவது சாயம். நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் துணியின் உட்புறத்தைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அது இழையைப் பற்றாத நிறம். பருத்திதானா என்று ஐயமுண்டாயின், தையற்காரர் வெட்டிய துண்டிலிருந்து ஒரு நூலை எரித்துப் பாருங்கள். பருத்தி கடதாசி போல எரிந்து மென்சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகும்.

நான்காவது தையல். சட்டையை உட்புறம் திருப்புங்கள். தையல் நெருக்கமாகவும், துணியின் ஓரம் பிசிராதபடி மடித்தும் தைக்கப்பட்டிருக்கின்றதா? தெறித் துளைகளைச் சுற்றி நூல் நிறைவாக ஓடியிருக்கின்றதா? அக்குளிலும் தோளிலும் மெல்ல இழுத்தால் ஊசித்துளை விரிகின்றதா? பருத்தி முதற் சலவையிலே சற்றுச் சுருங்கும் இயல்புடையது. ஆதலால் உடலை இறுக்கும் அளவில் வாங்கலாகாது.

வாங்கியபின் பேணுதலும் வேண்டும். நனைந்த பருத்தி இழை உலர்ந்ததைவிட வலியது. அதனாலன்றோ நம் சலவைத் தொழிலாளர் கல்லிலே அடித்துத் துவைத்தும் அது தாங்கியது! எனினும் நமது வன்னீரில் சவர்க்காரம் துணியிலே படிந்து அதனை மங்கச் செய்யும். ஆகவே நன்றாக அலசி, நிறமுள்ள துணியை நிழலிலே உலர்த்துங்கள்.

நேயர்களே, வசதியுள்ளவர் தவறான சட்டையை வாங்கினால் இன்னொன்றை வாங்கிக்கொள்வார். நாட்கூலியில் மிச்சம் பிடித்து வாங்கும் தாய்க்கு அந்தத் தவறு ஒரு மாதத்துச் சேமிப்பாகும். துணியறிவு பொழுதுபோக்கன்று, ஏழையின் பணத்திற்கு அது காவல்.

இப்போது யான் ஒல்லாந்தர் காலப் பாடத்தைக் கற்பிக்கும் நாளில் சில துணித்துண்டுகளை வகுப்பிற்குக் கொண்டுசெல்கின்றேன். மாணவர் அவற்றை வெளிச்சத்திற்குப் பிடிக்கின்றனர், கசக்குகின்றனர், ஓர் அங்குலத்தில் நூல் எத்தனை என்று எண்ணுகின்றனர். புஞ்சம் என்ற சொல்லை அவர்கள் பரீட்சைக்குப்பின் மறந்துவிடலாம். எண்ணிப் பார்த்து வாங்கும் பழக்கம் அவர்களுள் சிலரிடமாவது தங்குமாயின், பருத்தித்துறை என்ற பெயரை உச்சரிக்கும் தகுதி நமக்கு ஓரளவேனும் உண்டாகும்.