பண்ணாராய்ச்சியும் பல்கலைக்கழக இசைநூல் நிலையமும்

திருமுறைகண்ட புராணம் கூறும் வரலாறு சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. தில்லைத் திருக்கோயிலில் மூவர் கையடையாளத்துடன் பூட்டப்பெற்றிருந்த அறையைச் சோழமன்னன் திறப்பித்தபோது ஏடுகளிற் பெரும்பகுதி செல்லரித்துக் கிடந்தது என்பதும், எஞ்சிய மூவர் பதிகங்களை நம்பியாண்டார் நம்பிகள் ஏழு திருமுறைகளாக வகுத்தருளினார் என்பதும் அதனாற் பெறப்படும். அவ்வரலாற்றில் நம்மனோர் நின்று நோக்காத பகுதி ஒன்றுண்டு. ஏடு கிடைத்தது, பண் கிடைத்திலது. எழுத்தைக் கண்ட பின்னரும் அவ்வெழுத்தை எவ்வாறு பாடுவது என்பதை ஏடு கூறிற்றில்லை. ஆதலின் அவர்கள் எருக்கத்தம்புலியூருக்குச் சென்று, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணியார் ஒருவரைக் கண்டு, அவர் வாயிலாகவே பண்ணடைவு வகுக்கப்பெற்றது என்று அப்புராணம் கூறும். அப்பெருமாட்டியின் பெயரைப் புராணம் நமக்குத் தந்திலது. எனினும் அவர் குரல் இல்லையேல் இன்று பதிகத்தின் தலையிலே நாம் காணும் பண்ணின் பெயர் இல்லை.

இதனை ஈண்டு எடுத்துக் கூறியது, பல்கலைக்கழகங்களின் இசைநூல் நிலையங்களைத் தேவாரப் பண்ணாராய்ச்சிக்குப் பயன்கொள்ளுமாறு எங்ஙனம் என்பதை ஆராய்தற்பொருட்டேயாம். தில்லையறை ஒரு நூல் நிலையம். எருக்கத்தம்புலியூர் மற்றொரு நூல் நிலையம். ஒன்றில் ஏடு, ஒன்றில் நாவு. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கிய நம்பிகளின் முறையே இன்றும் முறையாகும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தோன்றியது. இசைக்கல்வி அங்குத் தொடக்கமுதலே இடம்பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறை 1932இல் அமைந்தது. 1943இல் சென்னையிலே தமிழிசைச் சங்கம் நிறுவப்பெற்று, 1949 முதல் பண்ணாராய்ச்சிக் கூட்டங்கள் நடைபெறலாயின. இவற்றின் பயனாக அச்சு நூல்களும், கூட்டங்களின் அறிக்கைகளும், இசைத்தட்டுகளும், பின்னர் ஒலிநாடாக்களும் ஓரிடத்தே தொகத் தொடங்கின. தொகுதல் வேறு, பயன்படுதல் வேறு.

பல்லாண்டுகட்கு முன் யாம் ஒரு பல்கலைக்கழகத்தின் இசைப்பிரிவிற் புகுந்து, பண்களைப் பற்றிய நூல்கள் வேண்டும் என்றோம். கிடைத்தவை இராக இலக்கணப் பாடநூல்கள் நான்கைந்தே. தேவாரம் எங்கே எனின், அது சமயப்பகுதியில், வேறொரு மாடியில். சிலப்பதிகாரம் இலக்கியப் பகுதியில். கல்வெட்டுத் தொகுதிகள் வரலாற்றுப் பகுதியில். சார்ங்கதேவரின் சங்கீத ரத்நாகரம் வடமொழிப் பகுதியில். நான்கும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவன. ஆயினும் ஒன்றையொன்று கண்டறியா. இது நூல்காப்போர் குற்றம் என்று கூறற்க. எந்த வகுப்பு முறையும் ஒரு நூலை ஓரிடத்திலன்றி வைத்தல் இயலாது. நூல் நிலைய இயலுக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931இல் வெளியிட்ட அரங்கநாதனார், ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூலும் ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகனும் கிட்டவேண்டும் என்பதை அவற்றுள் இரண்டாக வைத்தார். அவர் பிறந்த ஊர் சம்பந்தப் பெருமான் அவதரித்த சீகாழியே என்பது நினைந்து மகிழ்தற்குரியது. அவ்விதிகள் நிறைவேறுதற்கு நூல்காப்போன் பாதி, வினாவோடு செல்லும் வாசகன் பாதி. வெறுங்கையோடு செல்வோன் வெறுங்கையோடே மீள்வான்.

முதற்கண் தேவாரப் பதிப்பைப் பற்றி ஒன்று கூறவேண்டும். அச்சிட்ட பதிப்புகள் இருவகையின. 1864இல் தொடங்கி அச்சேறிய பழம்பதிப்புகள் பண்முறையைத் தழுவியவை. 1911இல் சுவாமிநாத பண்டிதர் வெளியிட்ட அடங்கன்முறை தலமுறையாய் அமைந்தது. தலயாத்திரை செய்வார்க்குத் தலமுறைப் பதிப்பைப் போல் உதவுவது பிறிதில்லை. ஆனால் பண்ணாராயப் புகுந்தவர் அதனையே கையிற்கொள்ளின் பண்களின் அடைவு சிதறிப்போம். முதல் திருமுறை நட்டபாடையில் தொடங்கி, தக்கராகம், பழந்தக்கராகம், தக்கேசி, குறிஞ்சி, வியாழக்குறிஞ்சி, மேகராகக்குறிஞ்சி எனச் சென்று 136ஆம் பதிகமாகிய தருமபுரத்து யாழ்மூரியில் முடிகின்றது. இந்த வரிசையை ஒருங்கே காணும்போதுதான் குறிஞ்சி என்னும் பெயருடையன மூன்றும் அடுத்தடுத்து நிற்பதும், தக்க என்னும் அடைமொழி தாங்கியன மூன்றும் முன்னே ஒருங்கு நிற்பதும் கண்ணிற் படும். ‘டக்க’, ‘டக்ககைசிகம்’ என்னும் பெயர்களைச் சார்ங்கதேவர் 13ஆம் நூற்றாண்டிற் கூறியிருத்தலை அறிந்தவர்க்கு இவ்வடைவு ஒரு வினாவை எழுப்பும். தலமுறைப் பதிப்பு அவ்வினாவை எழுப்பாது. ஆகவே நூல் நிலையத்திற் கேட்கவேண்டியது ‘தேவாரம்’ என்றன்று, ‘பண்முறைத் தேவாரம்’ என்றே.

இனிக் கல்வெட்டுப் பகுதிக்குச் செல்வோம். தஞ்சை இராசராசேச்சரத்திலே திருப்பதியம் விண்ணப்பஞ்செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் ஆக 50 பேரை முதல் இராசராசன் நியமித்த செய்தி தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாந் தொகுதியிற் காணப்படும். இது பலரும் அறிந்தது. இதனோடு மூன்றாந் தொகுதியையும் எடுத்துப் பார்ப்பவர் சிலரே. அதிலே திருவல்லத்துக் கோயிலிற் பல்லவ மன்னன் நந்திவர்மன் காலத்தில், அஃதாவது இராசராசனுக்கு ஒரு நூற்றாண்டின் மேலும் முன்னரே, திருப்பதியம் பாடுவார்க்கு நிவந்தம் விட்ட செய்தி இருக்கின்றது. இதனை முன்வைத்துத் திருமுறைகண்ட புராணத்தைக் கட்டுக்கதை என்று தள்ளுவாரும் உளர். அவர் கூற்று விரைவுடையது. ஏடு தில்லையிற் செல்லரித்த காலத்தும் ஊர்தோறும் சில பதிகங்களைப் பாடுவார் இருந்தனர் என்பதன்றோ கல்வெட்டால் விளங்குவது? அஃதுண்மையாயின், எருக்கத்தம்புலியூரிலே பாணர் மரபின் பெண்மணி ஒருவர் பண்முறையை மறவாதிருந்தார் என்பது வலிபெறுமேயன்றி மெலிவுறாது. புராணமும் கல்வெட்டும் வெவ்வேறு அலமாரியில் இருத்தலின் பகைபோலத் தோன்றின. ஒரு மேசையில் வைத்தபோது ஒன்றற்கொன்று சான்றாயின.

கல்வெட்டுகளுள் இசையாராய்ச்சிக்கு உயிரானது புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள குடுமியாமலைக் கல்வெட்டு. எபிகிராபியா இண்டிகாவின் 12ஆம் தொகுதியிலே பண்டார்க்கர் அதனைப் பதிப்பித்தார். சிவபெருமானுக்கு வணக்கம் கூறித் தொடங்கும் அது, மத்திமக்கிராமம், சட்சக்கிராமம், சாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்திமம், கைசிகம் என்னும் ஏழனுக்கும் நந்நான்கு சுரங்களாகக் கூட்டிய தொடர்களைத் தருகின்றது. உருத்திராசாரியர் மாணாக்கனும் பரமமாகேசுவரனுமாகிய ஓரரசன் மாணாக்கர் நலங்கருதி இயற்றியது என்று ஈற்றிற் கூறுகின்றது. அவ்வரசன் அப்பர் பெருமானால் ஆட்கொள்ளப்பட்ட மகேந்திரவர்மனே என்பர் பலர். கல்வெட்டில் அவன் பெயர் இல்லை. எழுத்தமைதி சிறிது பிற்பட்டது என்பாரும் உளர். நமக்கு வேண்டுவது அதுவன்று. இவ்வேழனுள் சாதாரிதம், பஞ்சமம், கைசிகம் என்னும் மூன்றும் மூன்றாந் திருமுறையிலுள்ள சாதாரி, பஞ்சமம், கௌசிகம் என்னும் மூன்று பண்களோடு பெயரால் ஒத்திருக்கின்றன. சம்பந்தப் பெருமான் காலத்தை அணித்தாகவுள்ள ஒரு கல், சுரக்குறியோடு, அதே பெயர்களை நமக்குத் தருமாயின் அதனினும் பெரிய நிதி யாது?

ஆயினும் இங்கேதான் ஆராய்வார் பலர் வழுக்கி வீழ்கின்றனர். ஓதுவாமூர்த்திகள் மரபிலே சாதாரி பந்துவராளியிலும், பஞ்சமம் ஆகிரியிலும், கௌசிகம் பைரவியிலும் பாடப்பெறுகின்றன. கல்லிற் கைசிகம் உண்டு, திருமுறையிற் கௌசிகம் உண்டு, ஓதுவார் நாவிற் பைரவி உண்டு. ஆகவே மூன்றும் ஒன்றே என்று முடிவு கட்டிவிடுகின்றனர். இங்ஙனம் முடிவு கட்டுவார் இன்னும் ஓர் அலமாரிக்குச் செல்லவில்லை என்பது தெளிவு. வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டில் இயற்றிய சதுர்தண்டிப் பிரகாசிகை 1934இல் சென்னைச் சங்கீத வித்வத் சபையாரால் அச்சிடப்பெற்றது. அந்நூல் கூறும் பைரவி மேளம் சுத்த தைவதம் ஒன்றையே உடையது. இன்று நாம் கேட்கும் பைரவியிலோ தைவதம் இருவகையாய் ஒலிக்கின்றது. முந்நூற்றைம்பது ஆண்டுக்குள்ளே பைரவியே இத்துணை மாறியதெனின், கௌசிகம் பைரவியே என்பார் எந்தப் பைரவியைக் கூறுகின்றனர்? பெயரொற்றுமை ஆராய்ச்சியின் தொடக்கம். அதனை முடிவாகக் கொள்ளுதல் கூடாது. கல்லிலுள்ள தொடர்களை எடுத்து, எச்சுரம் மிக்கு வருகின்றது, எச்சுரத்தில் தொடர்கள் முடிகின்றன, எவ்விரு சுரங்கள் அடுத்தடுத்து வாரா என்று ஒவ்வொன்றாய்க் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். அங்குள்ள சுரக்குறிகள் ர, ரி, ரு, ரெ என உயிர்மாற்றத்தோடு பொறிக்கப்பட்டிருப்பதற்குப் பொருள் யாது என்பதில் அறிஞர் ஒருமைப்பட்டாரில்லை என்பதையும் மனத்துட்கொள்ளல் வேண்டும்.

இவ்வகைக் கணக்கிலே தலைநின்றவர் விபுலாநந்த அடிகள். பௌதிக நூலறிவும், சங்க நூற்பயிற்சியும், வடமொழி இசைநூலறிவும் ஒருவரிடத்தே சேர்ந்தது தமிழ் செய்த தவம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த காலத்தையும் அடுத்த ஆண்டுகளையும் அவர் செலவிட்ட உழைப்பின் விளைவாகிய யாழ்நூல் 1947 ஜூன் திங்களிலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த திங்களிலே அடிகள் இறைவன் திருவடி எய்தினார். அதன் தேவாரவியல் திருமுறைப் பண்களையே பொருளாகக் கொண்டது. யாழ்நூலை வணங்கும் அன்பர் பலர், படிப்பார் சிலர். படிப்பாருள்ளும் அதனையே இறுதிச் சொல்லாகக் கொள்வார் ஒரு சிறு பிழை செய்கின்றனர். ஒரு நூலைத் திறந்ததும் அது வெளிவந்த ஆண்டை நோக்குக. அடியார்க்குநல்லார் தம் உரைக்கு மேற்கோள் நூல்களாகக் கூறியவற்றுள் ஒன்றாகிய அறிவனாரின் பஞ்சமரபு 1947இல் அச்சில் இல்லை. அது 1973இலேயே வெளிவந்தது. அடிகள் காணாத ஒரு சான்று நம் கைக்கு வந்திருக்க, அதனை அவர் நூலோடு ஒப்பு நோக்காதிருத்தல் அவருக்குச் செய்யும் சிறப்பாகாது.

இனி நாவின் பகுதி. நூல் நிலையங்களின் ஒலிப்பதிவு அறைக்குச் செல்லும் பண்ணாராய்ச்சியாளர் மிகச் சிலரே என்பது வருந்தத்தக்கது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் கோபாலையரின் தேவாரப் பதிப்பை 1984 முதல் வெளியிட்டனர். 2007இல் அதனைக் கணிப்பொறிவழி அமைத்தபோது தருமபுரம் சுவாமிநாதனார் பாடிய பதிகங்களையும் உடன்சேர்த்தனர். தில்லையும் எருக்கத்தம்புலியூரும் மீண்டும் ஓரிடத்தில் வந்தவாறு அது. ஆயினும் ஒருவர் குரல் ஒரு மரபின் குரல். வேறு ஆதீனத்தில், வேறு ஆசிரியர்பாற் பயின்ற ஓதுவார் அதே பதிகத்தை எவ்வாறு பாடினார் என்பதைக் கேட்டல் வேண்டும். கேட்கும்போது பாடியவர் யாவர், அவர் ஆசிரியர் யாவர், எந்த ஆண்டு, எந்தக் கோயில் என்பவற்றைக் குறித்துக்கொள்க. குறிப்பில்லாத ஒலிநாடா தாயறியாப் பிள்ளை போல்வது. நூல் நிலையத்தார் அதனைக் குறித்து வையாராயின், குறித்து வைக்குமாறு நாமே சென்று உதவுதல் தகும். முதுமையெய்திய ஓதுவார்கள் நம் ஊர்க்கோயிலில் இருப்பின், அவரைப் பாடக்கேட்டுப் பதிந்து, மேற்கூறிய குறிப்புகளோடு பல்கலைக்கழகத்திற் சேர்ப்பிப்பதும் அவ்வகையினதே.

தொடங்குவார்க்கு எளிதாயிருக்கும் ஒன்றைக் கூறி அமைவோம். செந்துருத்திப் பண்ணில் மூவர் தேவாரத்துள்ளும் உள்ள பதிகம் ஒன்றே. அது சுந்தரர் திருவாரூரிற் பாடியருளியது. ஏழாந் திருமுறையில் 95ஆவது. இன்று அது மத்தியமாவதியிற் பாடப்பெறுகின்றது. பண் ஒன்று, பதிகம் ஒன்று ஆதலின் ஒப்புநோக்க வேண்டுவன பெருகா. பிங்கலந்தை கூறும் 103 பண்களின் வரிசையில் அதன் இடத்தைக் காண்க, யாழ்நூல் அதனைப் பற்றிக் கூறுவதைக் குறித்துக்கொள்க, பஞ்சமரபைப் புரட்டுக, பின்னர் ஒலிப்பதிவு அறையில் அப்பதிகத்தைப் பாடிய ஓதுவார் இருவரையேனும் கேட்க. இருவரும் ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே சுரத்தில் முடிக்கின்றனரா என்று நோக்கி, வேறுபடுமிடத்தை ஏட்டின் ஓரத்தில் எழுதிவைக்க.