ராடார் நிலையங்கள், இலங்கையில்

வானிலும் கடலிலும் வருவனவற்றை வானொலி அலைகளின் எதிரொலிப்பால் தொலைவிலேயே கண்டறியும் படைத்துறை நிலையங்கள். இலங்கையில் இவை பெரும்பாலும் ஆபத்து நெருங்கிய பின்னரே, அதுவும் கையில் கிடைத்த கருவியைக் கொண்டே அமைக்கப்பட்டன.

முன்வரலாறு: இத்தாமதம் பிரித்தானியாவிலேயே தொடங்கியது. அந்நாட்டுத் திறைசேரி 1935 டிசம்பரில் ஐந்து நிலையங்களுக்கு 60,000 பவுண் ஒதுக்கியது. 1936 செப்டெம்பர் ஒத்திகையின்போது பாட்சி நிலையம் மட்டுமே ஆயத்தமாயிருந்தது.

கொழும்பு, 1942: சிங்கப்பூர் பெப்ரவரி 15 இல் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மாதந்தான் கொழும்புக்கு முதல் ராடார் வந்து சேர்ந்தது. அதை இயக்கிய 254 ஆம் இலக்கப் பிரிவின் பெயர் ‘வான்துறை அமைச்சின் பரிசோதனை நிலையம்’. இரகசியம் காக்க வேண்டுமென்றே இடப்பட்ட சப்பென்ற பெயர். நிரந்தரக் கோபுரம் எழுப்ப அவகாசம் இல்லை. லொறிகளில் ஏற்றிச் செல்லத்தக்க அக்கருவி றோயல் கொழும்பு கோல்ஃப் கழகத் திடலில் நிறுவப்பட்டது. களனிவெளி ரயில் பாதை குறுக்கே ஓடும் திடல் அது.

ஏப்ரல் 4 மாலை, கொக்கலையிலிருந்து கடலின் மேல் பறந்துகொண்டிருந்த கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பினார். அவருடைய கட்டலினா விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஆகவே தாக்குதல் எதிர்பாராதது அன்று. ஆயினும் மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலை எட்டு மணியளவில், நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் தலைக்கு மேல் வரும்வரை இரத்மலானை விமானத்தளத்துக்கு எச்சரிக்கை கிடைக்கவில்லை. ஹரிக்கேன் விமானிகள் குண்டுகளுக்கிடையே மேலெழ வேண்டியதாயிற்று. துறைமுகத்தில் ஹெக்டர், டெனெடோஸ் ஆகிய கப்பல்கள் மூழ்கின. அன்றே தெற்குக் கடலில் டோர்செற்ஷயர், கோர்ன்வால் ஆகியவையும் அழிந்தன.

ராடார் ஏன் காணவில்லை என்பது தீராத வழக்கு. பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது என்பர் சிலர்; முறை மாறும் நேரம் என்பர் வேறு சிலர்; கருவி புதியது, இயக்குவோருக்குக் கை பழகவில்லை என்ற விளக்கமும் உண்டு. ஏப்ரல் 9 இல் திருகோணமலை தாக்கப்பட்டபோது எலிசபெத் முனையிலிருந்த 272 ஆம் பிரிவு விமானங்களை முன்கூட்டியே கண்டது. சீனன்குடாப் போர் விமானங்கள் தக்க நேரத்தில் மேலெழுந்தன. கொழும்பின் தோல்வியைக் கருவியின் தரத்தின் மேல் மட்டும் சுமத்த இது இடந்தருவதில்லை.

புத்தளம்: ராடார் நிலையங்களைப் போலவே இங்கிருந்த விமானத்தளமும் கையில் கிடைத்ததைக் கொண்டே இயங்கியது. 1943 இல் ‘ராஜாலிய’ என்ற பெயரில் இயங்கத் தொடங்கிய பிரித்தானியக் கடற்படை விமானத்தளத்தில், சேற்றில் புதைந்த விமானங்களை யானைகள் கட்டி இழுத்தன. கோர்செயார் விமானத்தை இழுக்கும் யானையின் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. அக்காலத்து இயந்திரங்கள் பலவற்றினும் நம்பத்தக்க உதவி அதுவே எனலாம். தில்லையடிக்குத் தெற்கே, கொழும்பு வீதியில் உள்ள பாலாவி விமானப்படை முகாம் அத்தளத்தின் இடமே என்பது பொதுவாகச் சொல்லப்படுவது.

பிற்காலம்: பிரித்தானியத் தளங்கள் 1957 இல் இலங்கைவசமாயின. விடுதலைப் புலிகளிடம் சிறுவிமானங்கள் இருப்பது தெரியவந்த காலத்தில் இந்தியா இந்திரா ரகக் கருவிகளை வழங்கியது. இவை தூரத்தையும் திசையையும் காட்டும், உயரத்தைக் காட்டா. 2007 மார்ச் 26 நள்ளிரவுக்குப் பின் கட்டுநாயக்க விமானப்படைத் தளம் புலிகளின் குண்டுவீச்சுக்கு உள்ளாகி மூவர் இறந்தனர். அன்றிரவு ராடார் இயங்கியதா என்பதில், 1942 ஐப் போலவே, கருத்துகள் வேறுபடுகின்றன. இலங்கை அதன்பின் உயரமும் காட்டும் சீனக் கருவியை நாடியது. 2007 மே இறுதியில் சென்னையில் பேசிய இந்தியத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம். கே. நாராயணன், இலங்கை ஆயுதங்களுக்காகச் சீனாவையோ பாகிஸ்தானையோ நாடக்கூடாது என்றார். 2008 செப்டெம்பர் 9 இல் வவுனியாத் தளம் புலிகளால் தாக்கப்பட்டபோது இந்தியத் தொழில்நுட்பவியலாளர் இருவர் காயமுற்றனர். அங்கிருந்த ராடாருக்கு நேர்ந்த சேதம் பற்றி அரசுத் தரப்பும் புலிகள் தரப்பும் வேறு வேறு கூறின.

தெய்வேந்திரமுனையில் சீன உதவியுடன் ராடார் நிலையம் அமைக்கும் யோசனை இருப்பதாக 2023 இல் பத்திரிகைச் செய்திகள் வெளியாயின.